பனி வந்தால் கொசு போகாது: அடுக்ககச் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கு,

லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் உங்கள் சுற்றறிக்கையில் மூன்று முடிவுகள் இருக்கின்றன. மழை ஓய்ந்துவிட்டதால் வாராந்தரக் கொசுப்புழு வேலை ஜூன் வரை நிறுத்தம். அதற்குப் பதிலாகச் சனிக்கிழமைதோறும் காலை 10 மணிக்குப் புகை. மழைநீர்க் குழிகளையும் வடிகால் தொட்டிகளையும் தூர்வாருவது செப்டம்பருக்குத் தள்ளிவைப்பு. இவற்றுக்குக் காரணமாக, ‘பனிக்காலத்தில் கொசு தானாகவே குறைந்துவிடும்’ என்று ஒரே ஒரு வரி. முடிவுகள் மூன்றையும் நாங்கள் ஏற்கவில்லை. அந்த ஒரு வரிதான் எல்லாவற்றுக்கும் வேர் என்பதால் முதலில் அதற்கே வருகிறோம்.

சென்னையில் பனிக்காலம் என்பது என்ன? மார்கழி, தை இரவுகளில் 20, 21 டிகிரி; பகலில் 28, 30. நமக்குப் போர்வை தேவைப்படும், கொசுவுக்கு ஒன்றும் ஆகாது. சாக்கடைக் கொசு என்று நாம் சொல்லும் பழுப்பு நிறக் கியூலெக்ஸுக்கு இதைவிடச் சொகுசான பருவம் இந்த ஊரில் கிடையாது. மே மாதத்துச் சூடும் வறட்சியும் வளர்ந்த கொசுவின் ஆயுளைக் குறைக்கின்றன. தை மாதத்தில் அது நிதானமாக உயிர்வாழ்ந்து, திரும்பத் திரும்ப ரத்தம் குடித்து, திரும்பத் திரும்ப முட்டையிடுகிறது. ஒரு தடவைக்கு 100 முதல் 300 முட்டை வரை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் குட்டித் தோணிபோல மிதக்கும். கோடையில் முட்டை கொசுவாக எட்டு, பத்து நாள் பிடிக்கிறதென்றால், இப்போது இரண்டு வாரம் வரை ஆகலாம். குளிர் நமக்குத் தரும் சலுகை அவ்வளவுதான். செப்டிக் டேங்கில் அந்தச் சலுகையும் இல்லை. இரவில் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளிக்காற்றைவிட வெதுவெதுப்பாகவே இருக்கும்.

மழை நின்றால் கொசு குறையும் என்ற கணக்கும் கியூலெக்ஸ் விஷயத்தில் தலைகீழ். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வடிகாலில் பாயும் தண்ணீர் புழுக்களை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. மழை விட்டதும் ஓட்டம் நிற்கிறது. தேங்கிய தண்ணீரில் வீட்டுக் கழிவு கலந்து கெட்டியாகிறது. கூவம், அடையாறு முகத்துவாரங்களை மணல்திட்டு அடைத்துக்கொள்வதும் ஓட்டம் குறையும் இந்த மாதங்களில்தான். ஊரளவில் நடக்கும் அதே கதைதான் நம் கார் நிறுத்துமிடத்து வடிகாலிலும் நடக்கிறது. கியூலெக்ஸுக்குத் தெளிந்த தண்ணீர் வேண்டாம்; அழுகிய வாடை வீசும் தண்ணீரே அதை முட்டையிட அழைக்கிறது. தை, மாசி, பங்குனியில் கொசு அதிகம் என்பது விடியுமுன் வாசலில் குனிந்து கோலம் போடுகிறவர்களின் கணுக்காலுக்குத் தெரியும்.

இன்னொன்றும் இந்தப் பருவத்தில் சேர்ந்துகொள்கிறது. குளிருக்குப் பயந்து ஏசியை நிறுத்துகிறோம், மின்விசிறியை 1-இல் வைக்கிறோம் அல்லது அணைத்தேவிடுகிறோம், காற்றுக்காக ஜன்னலைத் திறக்கிறோம். கொசுவுக்குப் பறக்கும் வலு குறைவு. வேகமாகச் சுற்றும் மின்விசிறிக்குக் கீழே அதனால் நிலையாக வந்து உட்கார முடியாது. நம் மூச்சுக்காற்றும் உடல்வாடையும் அந்தக் காற்றில் கலைந்துவிடுவதால் ஆள் இருக்கும் இடமும் அதற்குச் சரியாகப் பிடிபடாது. விசிறி நின்ற அறையில் இந்த இரண்டு தடையும் இல்லை. அதனால் வீட்டுக்குள் கடி கூடுவதைப் பார்த்து, வீட்டுக்காரர்களின் அசட்டை என்று சுற்றறிக்கையில் எழுதியிருப்பது நியாயமாகாது.

‘கொசு கால்வாயிலிருந்து வருகிறது, காம்பவுண்டுக்குள் வேலை செய்து என்ன பயன்?’ என்று சென்ற கூட்டத்தில் கேட்டீர்கள். கியூலெக்ஸ் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும் என்பது உண்மைதான். வெளியிலிருந்து வருவதை முழுக்கத் தடுக்க முடியாது. ஆனால் எது வந்த கொசு, எது இங்கேயே பிறந்த கொசு என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. காலையில் கார் நிறுத்துமிடத்துச் சுவர் மூலைகளிலும், மீட்டர் பெட்டிக்குப் பின்னாலும் டார்ச் அடித்துப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவற்றில் சிலவற்றுக்கு உணர்கொம்பு இறகுபோலப் புசுபுசுவென்று இருக்கும். அவை ஆண் கொசுக்கள். அவை கடிப்பதில்லை, பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் போவதுமில்லை. ஆண்கள் கூட்டமாகத் தெரிந்தால் தொட்டில் பக்கத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? ஒரு வெள்ளை அட்டையில் விளக்கெண்ணெய் தடவி, மாலை 5 மணிக்குச் செப்டிக் டேங்க் மூடியின் தூக்கு ஓட்டையின் மேல், எண்ணெய்ப் பக்கம் கீழே பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலை எடுத்துப் பார்த்தால் உள்ளிருந்து கிளம்பியவை அதில் ஒட்டியிருக்கும். பின்பக்கத்து டேங்கில் இதைச் செய்து அட்டையை அலுவலக மேசைமேல் வைத்தோம். குப்பை என்று யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

இனி புகை. புகை மருந்து பறந்துகொண்டிருக்கும் கொசுவின் மேல் பட்டால்தான் கொல்லும். தண்ணீருக்குள் இருக்கும் புழுவை அது தொடாது. காலை 10 மணிக்குக் கியூலெக்ஸ் குளியலறைக் கதவின் பின்னாலும், கட்டிலுக்கு அடியிலும், வடிகால் மூடிக்குக் கீழேயும் உட்கார்ந்து ஓய்வெடுக்கிறது. அந்த நேரத்தில் தரை சூடாகி, புகை ஆள் உயரத்தில் தங்காமல் மேலே எழும்பிவிடும். புகை வருகிறதென்று எல்லோரும் ஜன்னலைச் சாத்துவார்கள். ஆக, கொசு உள்ளே, மருந்து வெளியே. போன மாதம் அடித்தபோது கார்களின் மேல் எண்ணெய்ப் பொட்டுப் பொட்டாக விழுந்தது நினைவிருக்கும். துளி பெரிதாக வருகிறது, காற்றில் நிற்காமல் கீழே விழுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். இயந்திரம் போதிய சூடு ஏறும் முன் மருந்துக் குழாயைத் திறந்தாலும் நாசில் தேய்ந்திருந்தாலும் இப்படி ஆகும். டெங்கு உறுதியான வீட்டைச் சுற்றி, நோயைச் சுமக்கும் கொசுவை உடனே கொல்லப் புகைக்கு ஓர் இடம் உண்டு. அதுவும் காற்று அடங்கிய நேரத்தில், கதவு ஜன்னலைத் திறந்து, சாப்பாட்டுப் பாத்திரங்களையும் குடிதண்ணீரையும் மூடி வைத்துச் செய்ய வேண்டும். வாரச் சடங்காக டீசல் புகை விட்டால் மூச்சுத்திணறல் உள்ளவர்கள்தான் அவதிப்படுவார்கள். ஓரங்களில் பிளீச்சிங் பவுடரால் கோடு போடுவதும் இதே வகை: வேலை நடந்தது போலக் கண்ணுக்குத் தெரியும், புழு சாகாது.

அந்தப் பணத்தைச் செலவிட வேண்டிய இடங்களைச் சொல்கிறோம். செப்டிக் டேங்கிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் நம் வளாகத்தின் முக்கால்வாசிக் கொசு அங்கேதான் பிறக்கிறது என்பது எங்கள் கணிப்பு.

அதன் வென்ட் பைப்புகளில் ஒன்றின் வாய் திறந்தே கிடக்கிறது. இன்னொன்றைப் பாலித்தீன் பையால் இறுகக் கட்டியிருக்கிறார்கள். திறந்து கிடந்தால் கொசு போய்வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். கட்டியதால் வந்த கேடு அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. வாயு வெளியேற வழியில்லாமல் டேங்கில் அழுத்தம் ஏறுகிறது. கழிப்பறைகளில் வாடை வருகிறது. குளியலறைத் தரை வடிகாலின் ஃப்ளோர் டிராப்பில் வாடையைத் தடுக்கும் தண்ணீர்த் தடுப்பும் குலைகிறது. தரைத்தளத்துக் குளியலறைகளில் டிசம்பரிலிருந்து வாடை என்று வந்த புகார்களைத் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செய்ய வேண்டியது இது: கொசுவலைத் துணி போன்ற நைலான் வலையை இரண்டாக மடித்து, பைப் வாயில் தொய்வில்லாமல் இழுத்து, எஃகு கிளிப் போட்டு இறுக்க வேண்டும். பருத்தித் துணி கூடாது, ஈரம் குடித்து அடைத்துக்கொள்ளும். துத்தநாகம் பூசிய சாதாரண இரும்பு (ஜி.ஐ.) வலையும் கூடாது, டேங்க் வாயு அதைத் துருவாக்கி உதிர்த்துவிடும். நைலானும் மொட்டைமாடி வெயிலில் நொறுங்கும், ஆகவே வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பைப் ஒன்றுக்கு ஒரு கைக்குட்டை அளவு வலை, ஒரு கிளிப், ஏணியோடு பத்து நிமிட வேலை.

அடுத்தது மூடி. கழிவுநீர் லாரி வந்து போகும்போது மூடியைச் சுற்றிய பூச்சை உடைக்கிறார்கள். திரும்பச் சும்மா வைத்துவிட்டுப் போகிறார்கள். விளிம்பு இடுக்கில் ஒரு சுண்டுவிரல் நுழைகிறது. கொசுவுக்கு அதில் கால்வாசியே அதிகம். சிமென்ட் கலவையைக் கெட்டியாகப் பூசினால் அடுத்த முறை உடைக்கும்போது மூடியே விரிசல் விடும்; ஒரு பங்கு சிமென்டுக்கு எட்டுப் பங்கு மணல் போட்ட மெலிந்த கலவை போதும், உளியால் தட்டினால் பெயர்ந்து வரும். லாரி போன அன்றே பூச வேண்டும், மறுநாள் அல்ல. தூக்கு ஓட்டைகளுக்கு ரப்பர் அடைப்பான். மூடியைத் திறக்கும்போது பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் ஆளை உள்ளே இறக்கக் கூடாது. பாதுகாப்புக் கவசமில்லாமல் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அதற்கு முன்பே அது பாவம்.

லாரி அடிக்கடி வராத பின்பக்கத்து டேங்குக்கு இன்னொரு வழியும் உண்டு. மெத்தைத் தலையணையில் போடும் தெர்மகோல் மணிகள், சுமார் 2 மில்லிமீட்டர் அளவில், தண்ணீரின் மேல் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மிதக்கும்படி கொட்டினால் போதும். புழு மேலே வந்து மூச்சுவிட முடியாது. தாய்க்கொசு முட்டையிடத் தண்ணீரைத் தொடவும் முடியாது. மணி மக்காது, ஆண்டுக்கணக்கில் இருக்கும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் யானைக்கால் நோய்க் கொசுவுக்கு எதிராக இதை முயன்று பார்த்திருக்கிறார்கள். ஆனால் மழையில் பொங்கி வழியும் டேங்கில் போட்டால் மணியெல்லாம் தெருவுக்கு வந்துவிடும். அதனால் முன்பக்கத்து டேங்குக்கு இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

வடிகாலின் வண்டல் குழிகள் வேறு ரகச் சிக்கல். ஒவ்வொன்றிலும் வெளியேறும் குழாயைவிட ஒரு சாண் ஆழமாக அடிப்பகுதி இருக்கிறது. வண்டல் படியத்தான் அப்படி வைத்தார்கள். மழை போனபின் அந்த ஒரு சாண் தண்ணீர் மாசி வரை நிற்கும். கடற்கரை ஓரத்து மணல் நிலம் என்றால் அடித்தளத்தில் துளை போட்டு ஜல்லி நிரப்பினால் தானே இறங்கிவிடும். நம்முடையது களிமண். துளை போட்டுப் பயனில்லை; வாரம் ஒருமுறை வாளியால் இறைத்துவிட்டு வண்டலை அள்ள வேண்டும். மழைநீர் சேகரிப்புக் குழிகளில் மழை நின்று நான்கு நாளுக்கு மேலும் தண்ணீர் தெரிந்தால் மேல் மணல் அடைத்துவிட்டது என்று பொருள். மேலே இருக்கும் மணலை எடுத்துக் கழுவிப் போட்டால் தீர்ந்தது. இப்போது குழி வற்றும் நேரம், வேலைக்கு ஆளும் கிடைக்கும். செப்டம்பரில் ஊரே குழி வாருகையில் ஆளுக்கு எங்கே போவீர்கள்?

அந்தக் குழிகளில் பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றும்படி வாட்ச்மேனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து அதை உடனே தடுத்துவிடுங்கள். அந்தக் குழி நேராக நம் போர்வெல் தண்ணீருக்குப் போகிறது.

புழுக்கொல்லி மருந்தைப் பற்றியும் கொஞ்சம். டெமிஃபாஸ், அதாவது எல்லோரும் அபேட் என்று சொல்வது, 50 சதவீதத் திரவமாக வருகிறது. தெளிப்பதற்கான கலவை 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லி. நம் ஹவுஸ்கீப்பிங் தம்பி பாட்டில் மூடியால் ஊற்றுகிறார். கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகச் சாகும் என்று நினைப்பது இயல்பு. மிச்சம் போவது மண்ணுக்கும் தண்ணீருக்கும்தான். ஊசி போடும் 5 மில்லி சிரிஞ்ச் ஒன்றை வாங்கிக் கொடுங்கள், பிரச்சினை முடிந்தது. பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து பாதுகாப்பானது. புழு அதை உண்டால்தான் சாகும், கெட்டியான சாக்கடையில் அதன் வீரியமும் சீக்கிரம் குறையும். இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு: கமா வடிவில் துள்ளும் கூட்டுப்புழு எதையும் உண்பதில்லை, இந்த மருந்துகளுக்கு அது பெரும்பாலும் அசையாது. கூட்டுப்புழு தெரிந்தால் இரண்டே நாளில் கொசு. அப்போது மருந்தை நம்பாமல் தண்ணீரை இறைத்துக் காய்ந்த மண்ணில் கொட்டிவிட வேண்டும். வாரம் ஒருமுறை என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். எந்தப் பருவத்திலும் சென்னையில் ஒரு முட்டை ஏழு நாளுக்குள் கொசுவாவது அரிது. ஏழாம் நாள் கை வைத்தால் சுழற்சி அறுந்துவிடும்.

சாக்கடைக் கொசுவைப் பற்றியே பேசிவிட்டோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலை இருட்டுமுன்னும் கடிக்கும்; நல்ல தண்ணீரில் பிறக்கும். தமிழ்நாட்டில் மழை முடிந்து ஜனவரியிலும் டெங்கு தொடர்வது புதிதல்ல. அதன் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே டிரம்மைக் கவிழ்த்துவிட்டு மறுபடி நிரப்பினால் போதாது. உட்சுவரைத் தேங்காய்நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்தட்டு, மணி பிளான்ட் பாட்டில், மொட்டைமாடியில் யாருக்கும் வேண்டாத ஆட்டுக்கல், ஆறாவது மாடியில் நடக்கும் புதுப்பிப்பு வேலையில் சிமென்ட் இறுகத் தேக்கும் க்யூரிங் தண்ணீர் எல்லாம் இதில் சேரும். மலேரியாவைப் பரப்பும் நகரத்து அனோபிலிஸ் மேல்நிலைத் தொட்டியையும் கிணற்றையும் தேடும். நம் தொட்டிகளில் இரண்டின் ஓவர்ஃப்ளோ பைப்புக்கு வலை இல்லை, ஒன்றின் மூடி காற்றில் பறந்து செங்கல்லுக்கு அடியில் கிடக்கிறது. புழுவைப் பார்த்தே ஆளை அடையாளம் காணலாம்: தண்ணீர்ப் பரப்புக்கு இணையாகப் படுத்திருந்தால் அனோபிலிஸ், தலைகீழாகச் சாய்ந்து கூட்டமாகத் தொங்கினால் கியூலெக்ஸ், டார்ச் வெளிச்சம் பட்டதும் பாம்புபோல நெளிந்து அடிக்குப் போய் நெடுநேரம் மேலே வராவிட்டால் ஏடிஸ்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் பூட்டிய வீடுகள் தனிக் கவலை. கழிப்பறைக் கோப்பையிலும் ஃப்ளோர் டிராப்பிலும் தண்ணீர் அசையாமல் நின்றால் உள்ளேயே கொசு பிறக்கும். வற்றினால் கழிவுக் குழாய் வழியே மேலே ஏறி வரும். இரண்டுக்கும் ஒரே மருந்து, கிளம்பும் முன் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி சமையல் எண்ணெய். ஆவியாவதும் குறையும், புழுவுக்கு மூச்சும் முட்டும். கோப்பையின் மூடியைச் சாத்த வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

ஜூன் வரை நிறுத்தம் என்ற முடிவைத் திரும்பப் பெறுங்கள். வாரம் ஒரு நாள், ஞாயிறானாலும் சரி, இரண்டு பேர் இரண்டு மணி நேரம் எல்லாக் குழி, டேங்க், தொட்டி, லிஃப்ட் பள்ளத்தையும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும்: இடம், புழு உண்டா, கூட்டுப்புழு உண்டா, என்ன செய்தார்கள். நோட்டு அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி தொங்க வேண்டும்.

சனிக்கிழமைப் புகை ஒப்பந்தத்தை ரத்து செய்து, அந்தத் தொகையில் தை முடிவதற்குள் வென்ட் பைப் வலைகள், டேங்க் மூடிப் பூச்சு, ஓவர்ஃப்ளோ வலைகள், பறந்துபோன தொட்டி மூடி ஆகிய நான்கையும் முடியுங்கள். பாலித்தீன் கட்டை மட்டும் இன்றே அவிழ்த்துவிடுங்கள்.

வண்டல் குழிகளையும் மழைநீர்க் குழிகளையும் மாசிக்குள் தூர்வாருங்கள்.

போகியன்று பழைய டயர், உடைந்த பக்கெட், தேவையில்லாத பூந்தொட்டி எல்லாம் காலி மனைப் பக்கம் வீசப்படுவது வழக்கமாகிவிட்டது. அடுத்த மழைக்கு அவைதான் ஏடிஸ் தொட்டில். எரிக்கவும் வேண்டாம், வீசவும் வேண்டாம். அன்று காலை கேட்டருகே ஒரு வண்டியை நிறுத்தி அவற்றைச் சேகரித்துப் பழைய இரும்பு, பிளாஸ்டிக் கடைக்கு அனுப்புங்கள்.

வெளிக் கால்வாய், தெரு வடிகாலுக்காக மாநகராட்சியின் 1913 எண்ணில் சங்கத்தின் பெயரில் புகார் பதிந்து, புகார் எண்ணைப் பலகையில் எழுதுங்கள். தனித்தனியாக நாங்கள் செய்வதைவிடச் சங்கம் செய்தால் எடை அதிகம். வீடு வீடாகப் புழு பார்க்க வரும் டி.பி.சி. பணியாளர்களைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பும் பழக்கத்தையும் நிறுத்துங்கள்.

வரும் பொதுக்குழுவுக்கு முன், இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்குக் காரணம் என்ன என்று எழுத்தில் பதில் தேவை. வலை கட்டவும் அட்டை வைக்கவும் ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், ஏணியைப் பிடிக்க நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
ஏ, சி, டி பிளாக் குடியிருப்போர் சிலர்